பந்தியில் காலியான இலை: செக் நாட்டுப் புதுக் கட்டடங்களும் அவற்றின் அக்கம்பக்கமும்

1945 பிப்ரவரி 14. பட்டப்பகலில் அமெரிக்க விமானங்கள் பிராக் நகரத்தின் மேல் குண்டு வீசின. ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போக வேண்டியவை வழி தவறி வந்துவிட்டன என்று பிறகு சொன்னார்கள். வல்டாவா ஆற்றங்கரையில், யிராசெக் பாலத்துக்கு எதிரே இருந்த ஒரு மூலைக் கட்டடம் அன்றைக்குச் சிதைந்தது. பக்கத்து வீடுகள் தப்பின. இடிபாட்டை அகற்றிய பிறகு அந்த மூலை பல பத்தாண்டுகள் பொட்டலாகவே கிடந்தது.

கல்யாணப் பந்தியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவே ஒரு இலை மட்டும் காலியாக இருந்தால் கண் அங்கேதான் போய் நிற்கும். ஒட்டி ஒட்டிக் கட்டிய ஐரோப்பியத் தெருவில் ஒரு வீடு விழுந்துபோனாலும் அப்படித்தான். செக் மொழியில் இந்தக் காலி இலைக்கு ஒரு தனிச் சொல்லே உண்டு: ப்ரொலுகா. வரிசை வீடுகளுக்கு நடுவே விட்டுப்போன மனை என்று பொருள். அந்த இலைக்கு யாரைக் கூப்பிடுவது? போனவரைப் போலவே வேஷம் கட்டிய ஒருவரையா? அக்கம்பக்கத்தைச் சட்டை செய்யாத ஒருவரையா? இல்லை, வரிசை கலையாமல் உட்கார்ந்து, ஆனால் தன் சொந்த உடையிலேயே வந்த ஒருவரையா?

'சூழலோடு இயைந்த கட்டடம்' என்று ஆர்க்கிடெக்டுகள் சொல்வது இந்த மூன்றாவது ஆளை. இதைப் புரிந்துகொள்ளக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. பார்க்கத் தெரிந்தால் போதும். செக் நாடு அதற்கு நல்ல பள்ளிக்கூடம்.

நடனமாடும் வீடு எதைக் கேட்டு வாங்கியது?

அந்த மூலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் வாட்ஸ்லாவ் ஹாவெல். நாடகாசிரியர், கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்துச் சிறை போனவர். அந்த வீடு அவர் குடும்பத்துடையது. சன்னலைத் திறந்தால் காலி மனை. விளாடோ மிலுனிச் என்ற ஆர்க்கிடெக்டும் அவரும் அங்கே என்ன கட்டலாம் என்று அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். 1989-இல் ஆட்சி கவிழ்ந்தது, ஹாவெல் நாட்டின் அதிபரானார். ஒரு டச்சு இன்சூரன்ஸ் நிறுவனம் மனையை வாங்கியது. உலகம் அறிந்த பெயர் ஒன்றும் வேண்டும் என்று அவர்கள் கேட்க, மிலுனிச்சோடு அமெரிக்காவின் பிராங்க் கேரி சேர்ந்தார். 1996-இல் கட்டடம் முடிந்தது. இடுப்பு ஒடுங்கிய ஒரு கண்ணாடிக் கோபுரம், அதை அணைத்தபடி ஒரு கான்கிரீட் கோபுரம். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஆடுவதுபோல் இருப்பதால் 'நடனமாடும் வீடு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

புகைப்படத்தில் தனியாகப் பார்த்தால் இது அக்கம்பக்கத்தை மதிக்காத கட்டடம் மாதிரிதான் தெரியும். அன்றைக்குப் பிராக் நகரத்தில் பலர் அப்படித்தான் திட்டினார்கள். கொஞ்சம் தள்ளி, பாலத்தின் மேல் நின்று, பக்கத்து வீடுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உயரம். 19-ஆம் நூற்றாண்டின் பாணியில் கட்டிய அந்தத் தெரு வீடுகளுக்குக் கூரை விளிம்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடுகிறது. நம் கோயில் கட்டுமானத்தில் கபோதம் என்பார்களே, அதுபோலச் சுவரின் உச்சியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு. புதுக் கட்டடம் அந்த மட்டத்தைத் தாண்டிக் குதிக்கவில்லை. அடுத்தது மூலை. பழைய பிராக் வீடுகளில் தெரு முனையில் இருப்பவை தலையில் ஒரு சின்னக் கோபுரமோ குமிழோ வைத்துக்கொள்ளும். இதன் தலையிலும் கம்பி வலையால் பின்னிய ஒரு குமிழ் இருக்கிறது. கலைந்த தலைமுடி மாதிரி.

எனக்குப் பிடித்தது சன்னல்கள். இன்றைய அலுவலகத் தளங்களுக்குப் பழைய வீடுகளைப் போல உயரமான கூரை தேவையில்லை. ஆகவே அதே உயரத்துக்குள் பக்கத்து வீட்டைவிடக் கூடுதல் தளங்களை அடுக்கியிருக்கிறார்கள். சன்னல்களை நேர்வரிசையில் வைத்திருந்தால் இந்தக் கணக்கு வெட்டவெளிச்சமாகியிருக்கும்: பக்கத்து வீட்டில் பெரிய சன்னல்களின் வரிசை, இங்கே நெருக்கி அடித்த குட்டிச் சன்னல்களின் வரிசை, இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் சன்னல்களை மேலும் கீழுமாகக் கலைத்துப் போட்டார்கள். சுவர்ப் பூச்சில் அலை அலையாகக் கோடுகளை ஓடவிட்டார்கள். தளம் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் எண்ண முடியாது. குறும்பு மாதிரித் தெரிகிற அந்தச் சன்னல்கள் உண்மையில் பக்கத்து வீட்டுக்குக் காட்டிய மரியாதை.

ஆக, உயரத்தையும் மூலைக் குமிழையும் தெரு வரிசையையும் அக்கம்பக்கத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டது. பூவேலை, சிற்பம், தூண் அலங்காரம் எதையும் வாங்கவில்லை. எதை வாங்குவது, எதை மறுப்பது என்ற இந்தப் பேரம்தான் சூழலோடு இயைவது. மற்ற உதாரணங்களில் மாறுவதெல்லாம் பேரத்தின் பொருள்கள்தாம்.

ஏன் இந்த நாட்டில் இவ்வளவு பேச்சு?

செக் நகரங்கள் அடுக்கடுக்கானவை. கூர்வளைவுகளின் பாணியான கோதிக், மறுமலர்ச்சிக் காலம், அலங்காரம் மிகுந்த பாணியான பரோக், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் நவீனம் எல்லாம் ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்கும். போரில் போலந்தின் வார்சாவுக்கோ ஜெர்மன் நகரங்களுக்கோ நேர்ந்த கதி பிராகுக்கு நேரவில்லை. அதன் பழைய நகரப்பகுதி 1992-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் விளைவு: எங்கே தோண்டினாலும் ஏதோ ஒரு நூற்றாண்டு தட்டுப்படும், எதைக் கட்டினாலும் தொல்பொருள் காப்பு அதிகாரிகளைக் கேட்க வேண்டும்.

இன்னொரு அடுக்கு பனெலாக். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திய அடுக்குமாடிக் குடியிருப்புகள். சோஷலிச ஆட்சிக் காலத்தில் ஊர் ஓரமெல்லாம் இவை எழுந்தன. நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இன்றும் இவற்றில்தான் வாழ்கிறார். அந்தக் காலத்தில் ஆர்க்கிடெக்டுகள் அரசு வடிவமைப்பு நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். 1989-க்குப் பிறகு திடீரென்று சொந்த வீடு, சொந்தக் காசு, சொந்த ஆசை. மக்கள் குட்டிக் கோபுரமும் பொம்மைத் தூணும் வைத்துப் பளபளவென்று கட்டிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு 'தொழிலதிபர் பரோக்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பனெலாக்குகளுக்கு வெப்பக்காப்பு ஒட்டும்போது மேலே இளஞ்சிவப்பு, இளமஞ்சள், பிஸ்தா பச்சை என்று ஐஸ்கிரீம் வண்ணங்களை அடித்ததும் இந்தக் கதையின் ஒரு கிளைதான். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒரு தலைமுறை ஆர்க்கிடெக்டுகள் அதற்கு எதிர்ப்பக்கம் போனார்கள்: அமைதியான வடிவம், பூச்சு இல்லாத பொருள், இடத்தைக் கூர்ந்து பார்த்தல்.

இதில் கவனிக்க வேண்டிய ஊர் லிட்டோமிஷ்ல். நாட்டின் மேற்குப் பகுதியான பொஹிமியாவின் கிழக்கில், பத்தாயிரம் பேர் அளவில் வாழும் சிறு நகரம். இசையமைப்பாளர் ஸ்மெட்டனா 1824-இல் பிறந்தது இங்கேதான். அரண்மனையில்கூட அல்ல, அரண்மனையின் பீர் வடிப்பாலையில். அவர் அப்பா அங்கே பீர் காய்ச்சுபவர். எதிரே இருக்கும் மறுமலர்ச்சிக் கால அரண்மனையின் வெளிச்சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாகச் சுதையைக் கீறி வரைந்த ஓவியங்கள். மடித்த கடித உறை போலிருக்கும் அந்தச் சதுரங்களை 'குட்டிக் கடிதம்' என்றே செக் மக்கள் அழைக்கிறார்கள். 1999-இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது.

இப்படிப்பட்ட ஊரில் வழக்கமாக என்ன நடக்கும்? எல்லாவற்றையும் பழசு மாதிரியே கட்டு என்று உத்தரவு போடுவார்கள். லிட்டோமிஷ்ல் வேறு வழியில் போனது. 1990-களில் மேயராக இருந்த மிரொஸ்லாவ் பிரீட்லும், நகர ஆர்க்கிடெக்டாக இருந்த ஸ்டென்கா விட்ரோவாவும் ஒரு முடிவெடுத்தார்கள்: பழசைப் பழசாகவே பழுது பார்ப்போம், புதுசைப் புதுசாகவே கட்டுவோம், இரண்டுக்கும் நல்ல ஆட்களைக் கூப்பிடுவோம். அங்கே பள்ளிக்கூடம், விளையாட்டரங்கம், ஆற்றங்கரை நடைபாதை, மடாலயத் தோட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. பீர் வடிப்பாலையை ஆர்க்கிடெக்ட் யோசெஃப் பிளெஸ்கோட் 2006-இல் பயிற்சிக்கும் தங்கலுக்குமான இடமாக மாற்றினார். அரண்மனைக்கு அருகே உள்ள தேவாலயத்தை ஆர்க்கிடெக்ட் மரெக் ஷ்டெபான் 2015-இல் புதுப்பித்தபோது, அதன் இரண்டு கோபுரங்களுக்கும் இடையே ஒரு பாலம் போட்டு, மேலே நின்று ஊரைப் பார்க்க வழி செய்தார்.

எனக்கு இதில் பிடித்தது கட்டடங்களைவிட அந்த நகராட்சிதான். ஒரு நல்ல ஆர்க்கிடெக்ட் ஒரு நல்ல கட்டடம் கட்டலாம். ஒரு ஊர் முழுவதும் ஒத்திசைய வேண்டுமென்றால் கோப்பில் கையெழுத்துப் போடும் மேசைக்குப் பின்னாலும் ரசனை இருக்க வேண்டும்.

இடிபாட்டைத் தொடாமல் தொடுவது

நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் ஹெல்ஃப்ஷ்டீன் என்று ஒரு கோட்டை. அதன் உள்ளே கூரையில்லாத மறுமலர்ச்சிக் கால அரண்மனை ஒன்று மழையிலும் பனியிலும் உதிர்ந்துகொண்டிருந்தது. பழைய அரண்மனையாகவே திருப்பிக் கட்டலாம். ஆனால் அது எப்படி இருந்தது என்பதற்குப் பாதி ஊகமாகிவிடும். அப்படியே விட்டால் சுவர் விழும். அட்டெலியர்-ஆர் என்ற குழு மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்து 2020-இல் வேலையை முடித்தது.

மூன்றே பொருள்கள்: கண்ணாடி, துருநிற எஃகு, பளபளப்பாகத் தேய்த்த கான்கிரீட். சுவருக்கு மேலே கண்ணாடிக் கூரை, எல்லா அறைக்கும் அல்ல, சில இடங்களுக்கு மட்டும். சுவர்களுக்கு நடுவே மேலும் கீழுமாக ஏறி இறங்கும் எஃகுப் படிகளும் பாதைகளும். இந்த எஃகு வெளிப்புறம் துருப்பிடித்து, அந்தத் துருவே கவசமாக நின்று உள்ளே அரிக்காமல் காக்கும் வகை. ஏன் இது? கோட்டையில் ஆண்டுதோறும் கொல்லர்களின் பெருங்கூடல் நடக்கிறது. பல நாட்டுக் கொல்லர்கள் உலை மூட்டி இரும்பு அடிப்பார்கள். அந்த இடத்துக்கு இரும்பு அந்நியமில்லை.

உள்ளே நடப்பவர் கண்ணில் படுவது ஒரு எளிய உண்மை: சாம்பலும் பழுப்புமாகக் கரடுமுரடான கல் எல்லாம் பழசு, கூர்மையான ஓரத்தோடு துருச்சிவப்பாக இருப்பதெல்லாம் புதுசு. எங்கே 16-ஆம் நூற்றாண்டு முடிந்து எங்கே 21-ஆம் நூற்றாண்டு தொடங்குகிறது என்று ஒரு பள்ளிப்பிள்ளை விரல் வைத்துக் காட்டிவிடும். பழசோடு புதுசை ஒட்டு தெரியாமல் சேர்ப்பது திறமை என்று நாம் நினைப்போம். பழங்கட்டடக் காப்பில் ஒட்டு தெரிவதுதான் நாணயம்.

இதே நாணயத்தை வேறு விதமாகப் பார்க்க ஒஸ்ட்ராவாவுக்குப் போகலாம். நிலக்கரியும் இரும்பும் வளர்த்த நகரம். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் நகராட்சி இறைச்சிக் கொட்டில் ஒன்று பாழடைந்து கிடந்தது. போலந்து ஆர்க்கிடெக்ட் ராபர்ட் கோன்யெச்னியின் அலுவலகம் அதை 2022-இல் 'பிளாட்டோ' என்ற கலைக்கூடமாக மாற்றியது. செங்கல் சுவரெல்லாம் புகைக்கரி ஏறிக் கறுத்திருந்தது. சுரண்டிச் சிவப்பாக்கவில்லை, அந்தக் கறுப்புதான் ஊரின் வரலாறு என்று விட்டுவிட்டார்கள். சுவர் உடைந்து ஓட்டையான இடங்களில் சன்னலும் வைக்கவில்லை, செங்கலும் அடுக்கவில்லை. செங்கல் சுவரின் அதே கட்டுமானக் கோலத்தைச் சாம்பல்நிறக் கான்கிரீட்டில் வார்த்துப் பொருத்தினார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் சுவர் முழுசு. கிட்டே போனால் ஒட்டுப்போட்ட வேட்டி.

அதோடு நிற்கவில்லை. அந்த ஒட்டுகளில் சில சுழலும். சுவரில் ஒரு பகுதி அப்படியே அச்சில் திரும்பித் திறந்துகொள்ள, உள்ளே நடக்கும் கண்காட்சி வெளியே புல்தரைக்கு வந்துவிடும். பெரிய கலைப்பொருளை உள்ளே கொண்டுபோகவும் அதுவே வழி. உடைசலில் பிறந்த ஓட்டை, கலைக்கூடத்தின் வாசலாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ கட்டடக்கலை விருதுக்கான 2024-ஆம் ஆண்டு இறுதிப் பட்டியலில் இது இடம்பெற்றது.

அதே ஊரில் வீட்கோவிட்சே இரும்பாலை 1998-இல் வார்ப்பை நிறுத்தியது. லிட்டோமிஷ்ல் வடிப்பாலையை மாற்றிய அதே பிளெஸ்கோட் அங்கிருந்த பழைய வாயுத் தொட்டியை 'கோங்' என்ற அரங்கமாக மாற்றினார். வாயு நிறைய நிறைய மேலே எழும்பும் எஃகு மூடி ஒன்று அந்தத் தொட்டியில் உண்டு. அதை உயரத் தூக்கி நிரந்தரமாக நிறுத்தி, அதன் அடியில் கச்சேரி மண்டபத்தை வைத்தார். இரும்பாலையில் இசைக் கச்சேரி கேட்பது எப்படி இருக்கும் என்பதை அவரவர் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்குள்ளே சூழல் எப்படி வரும்?

தொடங்குகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். வெளிப்புறம் தெருவோடு இயைய வேண்டும், சரி. நான்கு சுவருக்குள் சோபா போடுவதற்கும் அக்கம்பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

பழைய பிராக் வீட்டின் சன்னலிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது ஒற்றைச் சன்னல் இல்லை, இரட்டை. வெளியே ஒரு சோடிக் கதவு, ஒரு சாண் இடைவெளி, உள்ளே இன்னொரு சோடிக் கதவு. நடுவில் சிறைப்படும் காற்றுதான் குளிரைத் தடுக்கும் போர்வை. அந்த ஒரு சாண் இடைவெளியில் ஒரு குடும்பமே நடக்கும்: குளிர்காலத்தில் வாடைக்காற்று நுழையாமல் அடைக்க ஒரு நீளத் தலையணை, சில வீடுகளில் பூந்தொட்டி, ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பால் பாத்திரம்கூட. இன்றைக்கு அடுக்ககத்தைப் புதுப்பிக்கும் இன்டீரியர் டிசைனர் ஒருவர் அந்தச் சன்னலைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் சன்னல் மாட்டினால், தெருவுக்கும் நஷ்டம், அறைக்கும் நஷ்டம். தெரு முகப்பின் நிழல்கோடு தட்டையாகிவிடும். அறைக்குள் அந்த ஆழமான சன்னல்மாடம் காணாமல் போய்விடும். சன்னல் என்பது அறைக்கும் தெருவுக்கும் கூட்டுச் சொத்து.

பனெலாக்கில் கதை வேறு. அங்கே குளியலறையும் கழிவறையும் சேர்ந்த ஒரு கூடு தயார்நிலையில் வந்து இறங்கும்; அதன் சுவர்கள் உமகார்ட் எனப்படும் மெல்லிய பிசின் பலகை. பக்கத்து அறையில் தும்மினால் கேட்கும். பனெலாக் வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு செக் குடும்பம் சொன்னால் முதலில் உமகார்டை உடைத்து எறிகிறார்கள் என்றே பொருள். அடுத்த தலைமுறை டிசைனர்கள் செய்யும் வேலை சுவாரசியமானது: சுவர்த்தாளை உரித்து, அடியில் இருக்கும் கான்கிரீட் பலகையை அப்படியே காட்டுகிறார்கள். வெட்கப்பட்டு மூடிவைத்ததைப் பெருமையாகத் திறந்து காட்டுவது. வீடு தன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. இதையும் சூழலோடு இயைவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுக்கு வீடு அதையே செய்தால் இதுவும் ஒரு ஃபேஷனாகத் தேய்ந்துவிடும் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

2009-இல் பிராக் டெய்விட்சே பகுதியில் திறந்த தேசியத் தொழில்நுட்ப நூலகம் இதைப் பாடம் மாதிரி செய்து காட்டுகிறது. ப்ரொயெக்டில் குழு வடிவமைத்தது. பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது; படிக்க வருவதில் பெரும்பகுதி பொறியியல் மாணவர்கள். உள்ளே தரையெல்லாம் வண்ண வண்ணமாக வளைகோடுகள். அலங்காரம் என்று நினைப்போம். கான்கிரீட் தளத்தில் எடையும் இழுவிசையும் எப்படிப் பரவுகின்றன என்பதைக் காட்டும் வரைபடம் அது. கூரையிலிருந்து குழாய்களும் கம்பித்தடங்களும் மறைக்கப்படாமல் தொங்குகின்றன. புத்தகத்தில் படித்ததை மாணவர் காலடியில் பார்க்கிறார். இந்தத் தரையை ஒரு நகைக்கடையில் போட்டால் வெறும் டிசைன். இங்கே அது இடத்தின் பேச்சு.

மேற்கு பொஹிமியாவின் நோவி ட்வூர் மடாலயத்தில் எதிர்த்திசை. பாழடைந்த பரோக் காலப் பண்ணை மாளிகை ஒன்றை டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகள் வாங்கி, பிரிட்டனின் ஆர்க்கிடெக்ட் ஜான் பாசனை அழைத்தார்கள். நியூயார்க்கில் அவர் வடிவமைத்த கால்வின் கிளைன் துணிக்கடையின் படத்தைப் பார்த்துத்தான் அவரைத் தேடிப்போனார்களாம். துறவி துணிக்கடையைப் பார்த்துக் கோயில் கட்ட ஆள் தேடுவது வேடிக்கைதான். 2004-இல் தேவாலயம் எழுந்தது. பழைய மாளிகையின் ஒரு பக்கத்தைப் பழுது பார்த்து, மற்றப் பக்கங்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். உள்ளே வெள்ளைச் சுவர், படம் இல்லை, நிறம் இல்லை. வெளிச்சம் எந்தச் சன்னலிலிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவருக்குப் பின்னாலிருந்து கசிகிறது. பேச்சைக் குறைத்து வாழ்கிறவர்களின் நாளை அளப்பது அந்த வெளிச்சம் மட்டுமே. இங்கே அறையின் சூழல் வெளியே இருக்கும் வயல் அல்ல, உள்ளே வாழும் ஒழுங்கு.

கான்கிரீட் குடியிருப்புக்கு நடுவே இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. பர்னோ நகரின் லெஸ்னா 1960-களின் பனெலாக் குடியிருப்பு. அங்கே தேவாலயம் வேண்டும் என்று மக்கள் அந்தக் காலத்திலிருந்தே கேட்டுவந்தார்கள்; 2020-இல்தான் கிடைத்தது. லிட்டோமிஷ்ல் தேவாலயத்தைப் புதுப்பித்த ஷ்டெபான் அதை வட்டமாகக் கட்டினார். சுற்றிலும் நீளப் பெட்டிகளாக நிற்கும் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு வட்டம், பக்கத்தில் மெலிந்த ஒரு கோபுரம். வெளியே கான்கிரீட், உள்ளேயும் கான்கிரீட். அந்தப் பேட்டையின் பொருளையே அவர் எடுத்துக்கொண்டார். தலையை நிமிர்த்தினால் கூரைக்குக் கீழே சுற்றிவர ஒரு கண்ணாடிப் பட்டை, வானவில்லின் எல்லா நிறங்களிலும். வெயில் நகர நகரக் கான்கிரீட்டில் நிறம் நகரும். வீட்டுச் சுவரில் தினம் பார்க்கிற அதே சாம்பல் நிறம், இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொள்கிறது.

மலையும் திராட்சைக் கொடியும்

ஊருக்கு வெளியே போனால் அக்கம்பக்கம் என்பது நிலம். லிபெரெட்ஸ் நகரத்துக்கு மேலே 1,012 மீட்டர் உயர யெஷ்டெட் மலை. உச்சியில் இருந்த பழைய விடுதி 1963-இல் எரிந்துபோக, அங்கே ஒரு விடுதியும் தொலைக்காட்சிக் கோபுரமும் தேவைப்பட்டன. இரண்டு தனித்தனிக் கட்டடங்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆர்க்கிடெக்ட் கரெல் ஹுபாச்செக் இரண்டையும் ஒன்றாக்கினார்: கீழே அகன்று மேலே குவியும் 94 மீட்டர் வடிவம். மலைச்சரிவின் கோடு எங்கே முடிகிறது, கட்டடத்தின் கோடு எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. மலை இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டதுபோல இருக்கும். 1973-இல் திறந்த இது இன்றைய கட்டடம் இல்லைதான். ஆனால் இன்றைய செக் ஆர்க்கிடெக்டுகளின் பேச்சில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் தாத்தா.

பேரன் என்று தெற்கு மொராவியாவின் லாஹோஃபர் திராட்சை மது ஆலையைச் சொல்லலாம். ஸ்னோய்மோ அருகே, ஹிபிக் + கிறிஸ்டோஃப் குழுவின் வேலை, 2020. கட்டடத்தின் கான்கிரீட் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன; அந்த வரிசைகள் வெளியே திராட்சைக் கொடி வரிசைகளின் தாளத்தில் போடப்பட்டவை. வளைவு பழைய பாதாள மது அறைகளின் கூரையிலிருந்து வந்தது. கூரையோ அப்படியே சரிந்து தரையைத் தொடுகிறது. ஏறி உட்கார்ந்து நிகழ்ச்சி பார்க்கலாம், தோட்டத்தையும் பார்க்கலாம்.

சூழல் என்றால் தட்பவெப்பமும்தான் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு செக் சாட்சி இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட் 1888-இல் பொஹிமியாவின் கிளாட்னோவில் பிறந்தவர். 1930-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியபோது களத்தில் நின்றவர்களில் பிளஸென் நகரத்து செக்காரரான ஃபிரான்டிஷெக் சம்மரும் ஒருவர். மத்திய ஐரோப்பியர்கள் கட்டிய அந்தக் கான்கிரீட் விடுதியில் கண்ணாடிச் சன்னலே கிடையாது. சுவர் முழுக்கத் திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டத் தகடுகள். காற்று வரும், வெயில் வராது. பிராகில் காற்றைச் சிறைபிடிக்க இரட்டைச் சன்னல் போட்ட நாட்டுக்காரர்கள், புதுச்சேரியில் காற்றைத் திறந்துவிடச் சன்னலையே எடுத்துவிட்டார்கள்.

கட்டாமல் போன ஒன்று

எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு, பந்தயத்தைப் படம்பிடிக்கும் கேமராவில் அடிக்கடி தெரியும் அந்த வெள்ளைக் கூண்டு ஞாபகமிருக்கும். பத்திரிகையாளர்கள் உட்காரும் இடம். அதை வடிவமைத்த குழுவின் யான் கப்லிட்ஸ்கி, 1968-இல் பிராகிலிருந்து லண்டன் போனவர். 2007-இல் பிராக் தேசிய நூலகத்துக்கான போட்டியில் அவருடைய வடிவம் வென்றது. பிராக் கோட்டையிலிருந்து கண்ணுக்கெட்டும் லெட்னா மேட்டில், மூலைகளே இல்லாத, வழுக்கிக்கொண்டு போகிற ஒரு வண்ண உருவம். மக்கள் 'ஆக்டோபஸ்' என்றார்கள். சிலர் அன்பாக, பலர் வெறுப்பாக. அன்றைய அதிபர் வாட்ஸ்லாவ் கிளவுஸ் வெளிப்படையாக எதிர்த்தார், நகராட்சியும் கைவிட்டது. 2009 ஜனவரியில் கப்லிட்ஸ்கி இறந்தார். நூலகம் கட்டப்படவே இல்லை.

அது சூழலோடு இயைந்ததா? எதிர்த்தவர்கள் சொன்னது: கோபுரங்களின் ஊரில் கூழாங்கல்லுக்கு என்ன வேலை? ஆதரித்தவர்கள் சொன்னது: லெட்னா ஒரு பூங்கா, அங்கே தெருவரிசையே கிடையாது, காப்பாற்ற வேண்டிய கூரை மட்டமும் இல்லை; புல்மேட்டில் மெத்தென்ற ஓர் உருவம் உட்காருவதில் என்ன தப்பு? எனக்கு இரண்டாம் கட்சி பிடிக்கிறது. நடனமாடும் வீட்டின் மூலையில் கூழாங்கல் வைத்திருந்தால் நானும் எதிர்த்திருப்பேன். பந்திக்கு ஒரு ஒழுங்கு, தோட்டத்துக்கு வேறு ஒழுங்கு. ஆனால் அந்த வாதம் கட்டடமாக நின்று தன்னை நிரூபிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

பிராக் போகிற வாய்ப்புக் கிடைப்பவர்கள் நடனமாடும் வீட்டைப் படம் பிடித்துவிட்டு உடனே டிராம் ஏறிவிட வேண்டாம். சாலையைக் கடந்து, ஆற்றோரப் படியில் இறங்குங்கள். கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால், கரைச்சுவருக்குள் பழைய கல் வளைவறைகள் வரிசையாக இருக்கும். ஆறு ஏறினால் முதலில் நனைவது இவைதான். 2002 வெள்ளம் இந்த ஊரை என்ன செய்தது என்பது அங்கே எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆர்க்கிடெக்ட் பெட்ர் யாண்டா 2019-இல் இவற்றில் இருபதைக் கஃபே, காட்சிக்கூடம், கழிவறை என்று மாற்றினார். சுவரின் கல்லை அவர் தொடவில்லை. சில வளைவுகளின் வாயில் மட்டும் ஆளுயரத்துக்கும் பெரிய வட்டக் கண்ணாடி ஒன்றைச் சாய்ந்த அச்சில் பொருத்தியிருக்கிறார். மூடியிருக்கும்போது கல்சுவரில் ஒரு கண். வெயில் நாளில் திறப்பார்கள். கண்ணாடி மெல்லத் திரும்பி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிற்கும். கதவு எங்கே என்று தேடுவதற்குள் ஆற்றுக்காற்று கஃபேக்குள் போய்விட்டிருக்கும்.